விவரம், ஐம்பது எழுத்துக்குள்

ரோலாவில் டைப்பிங் சென்டர்.
பதினெட்டு வருஷமாக
அடுத்தவர் வாழ்க்கையை அடித்துக் கொடுக்கிறேன்,
ஃபாரத்துக்குப் பதினைந்து திர்ஹம்.
விசா புதுப்பிக்க, விசா ரத்து செய்ய,
பிறந்த பிள்ளைக்குப் பேர் போட,
இறந்தவரைப் பெட்டியில் ஊருக்கு அனுப்ப.
எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால்
கவுண்டரில் திருப்பி அனுப்பமாட்டான் என்று
விரலுக்கே தெரியும்.

இன்று வந்தது என் மகளின் ஃபாரம்.
பள்ளிக்கூடத்துக் கவுன்சிலர் அனுப்பியது.
பெயர் அபிஷா. வயது பதினாறு.
அதுவரை சிரமமில்லை.

தூக்கம் எப்படி என்று கேட்கிறது.
ஐந்தே காலுக்குப் பள்ளிப் பேருந்து.
ராத்திரி பத்தே முக்காலுக்குத்தான்
கராமா பார்லரிலிருந்து அவள் அம்மா
வீங்கிய காலோடு வருவாள்.
பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்
இன்னொரு குடும்பத்தின் டிவி.
போர்வைக்குள் ஃபோன் வெளிச்சம்
சின்னக் கூடாரம்போல எரிவதைப்
பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறேன்.
'போதுமானது' என்று அடித்தேன்.

நெருங்கிய தோழி உண்டா?
ஷிஃபானா இருந்தாள்.
அவள் வாப்பாவின் விசாவை ரத்து செய்த ஃபாரம்
என் கையால் அடித்ததுதான்,
குடும்பத்துக்கும் சேர்த்து, நாலு பேர், தள்ளுபடியில்.
முப்பது நாள் கெடு.
இருபத்தாறாம் நாளே போய்விட்டார்கள்.
அவள் விட்டுப்போன பச்சைக் குடையை,
வருஷத்துக்கு நாலு மழை பெய்கிற ஊரில்,
இவள் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறாள்.

பள்ளி மாறியது மூன்று முறை.
கட்டணம் ஏறியபோது ஒன்று.
எனக்கு ஆறு மாதம் சம்பளம் நின்றபோது ஒன்று.
மூன்றாவதற்கு அவளிடம் என்ன காரணம் சொன்னேன்,
எனக்கே நினைவில்லை.
அவள் கேட்கவில்லை.
பழைய சீருடையை மடித்து
பெட்டிக்கு அடியில் வைத்தாள், அவ்வளவுதான்.

ஆர்வம் குறைந்திருக்கிறதா?
வெள்ளிக்கிழமை ஆராதனையில் கீபோர்டு வாசிப்பாள்.
ஆகஸ்டில் நிறுத்தினாள்.
விரல் வேர்க்குதுப்பா, என்றாள்,
ஏசி குளிரில் எல்லோரும் சால்வை போர்த்தியிருந்த ஹாலில்.
நான் சிரித்தேன்.
சிரித்திருக்கக் கூடாது.

ஒன்பதாவது கேள்வி:
குடும்பத்தில் வேறு யாருக்காவது
மனச்சோர்வு இருந்ததுண்டா?

கர்சர் துடிக்கிறது.

தம்பி டென்சிங்.
பாலிடெக்னிக், இரண்டாம் வருஷம்.
குளிக்காமல், சவரம் செய்யாமல்
இரண்டு மாதம் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான்.
சோம்பேறி என்றார் அப்பா.
ஜெபம் பண்ண ஆள் கூட்டி வந்தாள் அம்மா.
நான் அப்போது இங்கே புதுசு,
ஃபோன் கார்டு தீர்வதற்குள் பேசவேண்டும்.
எல்லாம் சரியாவும்லே, என்றேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கார்டில் இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.
வைத்துவிட்டேன்.

நெஞ்சுவலி என்று ஊருக்குச் சொன்னோம்.
காகிதத்தில் அப்படி எழுத வழி சொன்னதும் நான்தான்,
இங்கிருந்து, வேறொரு கார்டு வாங்கி.
சித்தப்பாவுக்கு இருதயம் பலவீனம் என்று
மகளிடமும் சொல்லி வளர்த்திருக்கிறேன்.

'இல்லை'க்கு நேரே
மெஷினே ஒரு புள்ளி வைத்திருக்கிறது.
கண்ணாடிக் கதவருகே
பங்களாதேஷ்காரர் ஒருவர்
பாஸ்போர்ட்டை மார்போடு பிடித்தபடி நிற்கிறார்.
கொஞ்சம் இருங்க பாய்.

புள்ளியை நகர்த்தினேன்.
உடனே ஒரு கட்டம் திறந்தது:
விவரம், ஐம்பது எழுத்துக்குள்.

என் தம்பி டென்சிங். பத்தொன்பது வயது.
நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான்

இடம் போதவில்லை.

மேலே ஏறிப்போய்
'போதுமானது' என்பதை அழித்தேன்.
அனுப்பாமல் சேமித்தேன்.
ராத்திரி அந்தக் கூடாரத்தின் ஓரத்தைத் தூக்கி
இதை அவளிடம் நீட்டவேண்டும்,
எங்கெல்லாம் தப்பாக எழுதியிருக்கிறேன், திருத்து, என்று.
திட்டினால் திட்டட்டும்.
பேசாமல் போர்வையை இழுத்துக்கொண்டால்
அங்கேயே தரையில் உட்காரவேண்டும்.

வாங்க பாய்.
பாஸ்போர்ட்டைக் கொடுங்க.